முப்பத்துமூன்றில் ஓடிய ரெக்கார்டு

கிருபாகரனின் தாடையை உடைத்தது நீங்கள்தான். கதவைச் சாத்தாதீர்கள் சார், நடுவில் காலை வைத்திருக்கிறேன். சாத்தினால் கால் நசுங்கும், நசுங்கினாலும் எடுக்க மாட்டேன். நீங்கள்தான் உடைத்தீர்கள். கை என்னுடையது, இல்லையென்று சொல்லவில்லை. இதோ இந்தக் கை, இதோ இந்த இரும்புக் காப்பு. ஆனால் கை என்ன சார் கை? அது ஒரு சாமான். ஒருத்தன் மண்டை உடைந்தால் சுத்தியலையா பிடித்து உள்ளே போடுகிறார்கள்?

உள்ளே வரலாமா? வந்துவிட்டேன். நீங்களும் உட்காருங்கள். வீட்டில் யாரும் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். நல்லது. பயப்படாதீர்கள், நான் கை நீட்டுகிற ஆள் இல்லை. அடிக்க வந்திருந்தால் கதவு திறந்ததுமே அடித்திருப்பேன். நாலு வாரமாகத் தேடுகிறேன். போன் எடுக்கவில்லை. பெரம்பூரிலிருந்து கொளத்தூர் எவ்வளவு தூரம் சார்? ஒரு ஆளுக்கு ஒளிந்துகொள்ள இந்தத் தூரம் போதுமா? புதுப்பேட்டையில் என்னை ஏமாற்றிய ஒருத்தன் நெல்லூர் வரைக்கும் ஓடினான். அங்கே போய் அவன் கடைக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பண்ணவில்லை, உட்கார்ந்துதான் இருந்தேன். நாலாம் நாள் அவனே வந்து காலில் விழுந்தான்.

அழகான ரெக்கார்டு மெஷின் வைத்திருக்கிறீர்கள். பெல்ட்டில் ஓடுகிறதா? மூடியே இருக்கட்டும், நான் தொட மாட்டேன். அடுத்தவன் மெஷினைத் தொடுகிற பழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்குத்தான் உண்டு.

இரண்டு வருஷம் மெல்வின் டிக்ரூஸ் வீட்டு ஹாலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு கேட்டிருக்கிறோம். என் பெயர் மாசிலாமணி, பழைய சாமான் எடுக்கிறவன், அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். பதினோரு வயதில் நானும் என் அண்ணன் தயாளனும் புதுப்பேட்டையில் பழைய கார் உடைக்கிற வேலைக்குப் போனோம். மேஸ்திரி ஃபேன் பெல்ட்டால் அடிப்பான். ஃபேன் பெல்ட் அடியில் சத்தம் முதலில் வரும், வலி அப்புறம் வரும். அந்த இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதில்தான் நான் எல்லாம் கற்றுக்கொண்டேன். சத்தத்துக்கும் வலிக்கும் நடுவில் எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவனுக்கு என்ன வேண்டும் என்பது முகத்தில் இருக்கும். பேரமும் அதேதான். யார் முதலில் வாயைத் திறக்கிறானோ அவன் தோற்றான். நீங்கள் இப்போது வாயைத் திறக்காமல் இருக்கிறீர்கள். கெட்டிக்காரர். இருங்கள், இருங்கள்.

தயாளன் எப்படிச் செத்தான் என்று உங்களுக்கு ஒருத்தன் சொல்லியிருக்கிறான். இருந்தாலும் என் வாயால் கேளுங்கள். பதினாலு வருஷம் ஆகிறது. ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். ஜாக்கி நழுவியது. சேசிஸ் நெஞ்சின்மேல் இறங்கியது. உடனே சாகவில்லை சார். கிரேன் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரமும் பேசினான். நான் பக்கத்தில் மண்ணில் படுத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு விட இடம் இல்லை, அதனால் ஒரு வார்த்தையை இழுத்து இழுத்துச் சொல்வான். "மா...சி..." என்பான். ரப்பரை இழுக்கிற மாதிரி. குரல் கீழே, கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. கிரேன் வந்து தூக்கியதும் நின்றுவிட்டது.

நான் அழவில்லை. ஜாக்கி வைத்தவனைத் தேடிப் போய் இரண்டு விலா எலும்பை உடைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் ராயபுரத்தில் ஒரு வீடு காலி பண்ணினார்கள், சாமான் எடுக்கப் போனேன். ஒரு ரெக்கார்டு ப்ளேயர், ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டு. மழையில் நனைந்த பெட்டி. மேலாக இருந்தது ஒரு சின்ன ரெக்கார்டு, டிபன் தட்டு அளவு. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் கரைந்து போய்விட்டது. யார் பாட்டு, எந்த ஊர் என்று ஒரு எழுத்து இல்லை. ப்ளேயர் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் போட்டேன். வேகம் மாற்றுகிற சுவிட்சு துருப்பிடித்து, நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்றிலேயே நின்றிருந்தது.

ஒரு ஆம்பிளை பாடினான் சார். அடியிலிருந்து பாடினான். டிரம் ஒவ்வொரு அடியாக, தகரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டவன் உள்ளிருந்து தட்டுகிற மாதிரி. கிட்டார் இழுத்துக்கொண்டே போகும். என்ன பாஷையோ, எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு வெறும் ஹாலில், கூலி ஆட்கள் பீரோவைத் தூக்கிக்கொண்டு நிற்க, நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பீரோவை இறக்கக்கூடச் சொல்லவில்லை. அவர்களும் தூக்கிக்கொண்டே நின்றார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மெல்வினிடம் ஒரு உடைந்த ஆம்ப்ளிஃபயர் விலைக்கு வருகிறது என்று கேட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், அரை டிரவுசரில் உட்கார்ந்திருந்தார். சுற்றி எட்டு பேர். யாரோ ஒரு கறுப்பர் கிட்டாரைக் கத்தியால் அறுக்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார், ரெக்கார்டில். நான் "ஆம்ப்ளிஃபயர் எங்கே?" என்று வாயைத் திறந்தேன். எட்டு பேரும் திரும்பி முறைத்தார்கள். பாட்டு முடிந்து முள்ளைத் தூக்கின பிறகுதான் மெல்வின் பேசினார்.

"ஏ மேன், இங்கே ஒரே ரூல். பாட்டு ஓடும்போது நோ டாக்கிங். முள்ளை யாரும் தொடக்கூடாது, கொண்டு வந்தவனைத் தவிர. புடிச்சா உக்காரு, புடிக்கலேன்னா வெளியே வெயிட் பண்ணு."

உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு பாட்டு. மெல்வின் பழைய ப்ளூஸ் போடுவார், ராக் போடுவார். தபால் ஆபீஸ்காரர் ஒருவர் ஏதோ தீவுப் பாட்டு கொண்டுவருவார், கடல் அலை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பாட்டு முடிந்ததும் கொண்டு வந்தவன் அது தனக்கு எங்கே கிடைத்தது, ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அவனவன் பாட்டு அவனவனுக்கு.

கிருபாகரன் ரெக்கார்டே கொண்டுவர மாட்டான். பஸ் பணிமனையில் டிங்கர் வேலை, நசுங்கின தகரத்தை நிமிர்த்துகிறவன். சாவு வீட்டில் கானா பாடுவான். "என் ரெக்கார்டு தொண்டையில கீது, மேல முள்ளு வச்சா வலிக்கும்" என்பான். மெல்வின் வீட்டு டீத் தட்டை எடுத்து விரலால் தாளம் போட்டுக்கொண்டு பாடுவான். முதல் தடவை கேட்டுவிட்டு மெல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேன், நான் ஐம்பது வருஷமா அமெரிக்காலேர்ந்து வரவழைக்கிறேன். இது வியாசர்பாடியிலேயே இருக்குதா?" என்றார்.

எனக்கும் அவனுக்கும் ஆகாது. ஆகாது என்றால், தினம் பேசிக்கொள்கிற ஆகாது. மூணு வருஷத்துக்கு முன்னால் அவன் வீட்டில் இருந்த, அவன் பெண்டாட்டிக்குப் பிடித்த ஒரு பக்திப் பாட்டு ரெக்கார்டை வாங்கிக்கொண்டு, மாற்றாக நான் ஒரு ரெக்கார்டு கொடுத்தேன். கீறல் இருந்தது. சொல்லாமல் கொடுத்தேன். பேரத்தில் அதெல்லாம் சகஜம். "யோவ் மாசி, நீ செத்தாக்கூட பாடையில பேரம் பேசுவே" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசில் வைத்துக்கொண்டேன்.

என் சின்ன ரெக்கார்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான் கொண்டுபோவேன். தயாளன் செத்த நாளுக்கு அடுத்த ஞாயிறு. நானே வைப்பேன், நானே சுவிட்சை முப்பத்துமூன்றில் தள்ளுவேன், கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். முதல் வருஷம் ஒரு ஆள் நடுவில் தொண்டையைக் கனைத்தான். டீ கிளாசை எறிந்தேன். சுவரில்தான் பட்டது, அவன்மேல் படவில்லை. அதற்குப் பிறகு என் பாட்டுக்கு எல்லாரும் எவ்வளவு மரியாதையாக இருந்தார்கள் தெரியுமா? ஒரு மூச்சு சத்தம் இருக்காது. பெரிய தட்டு முப்பத்துமூன்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து என்று எனக்குத் தெரியாதா சார்? நாற்பது வருஷமாகப் பழைய சாமானில் புரளுகிறவன். சில சின்னத் தட்டும் முப்பத்துமூன்றில் ஓடும். என் கையாலேயே எத்தனை விற்றிருக்கிறேன். இதுவும் அப்படி ஒன்று. யாராவது ஒருத்தர் ஒரு நாள், ஒரு வார்த்தை சொன்னார்களா? மெல்வினைவிடத் தெரிந்த ஆள் உண்டா? அவரே சொல்லவில்லையே.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட ரெக்கார்டு. முள்ளுக்குத் தனியாக ஒரு பிரஷ். எந்த வருஷம், எந்தக் கம்பெனி, எத்தனையாவது அச்சு, எல்லாம் விரல் நுனியில். போன வருஷம் என் பாட்டு ஓடும்போது நீங்கள் நாற்காலியில் நெளிந்தீர்கள். நான் கண்ணை மூடியிருந்தாலும் எனக்குத் தெரியும். மூட்டைப்பூச்சி என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் அந்த நாற்காலியைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

இந்த வருஷம்.

வைத்தேன். தள்ளினேன். உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். தகரத்தைத் தட்டுகிறான். கிட்டார் இழுக்கிறது. அண்ணன் வந்துவிட்டான். முதல் பல்லவி முடிந்து ஒரு முனகல் வரும். அந்த முனகலுக்குத்தான் நான் வருஷம் முழுவதும் காத்திருப்பேன். அது வருகிறது, வந்துகொண்டிருக்கிறது, திடீரென்று அந்தக் குரல் மேலே ஏறுகிறது சார். யாரோ கழுத்தைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. ஏறி, ஏறி, ஒரு பெண். பதினெட்டு வயது இருக்கும். துள்ளுகிறாள். கை தட்டுகிறார்கள். முனகல் என்று நான் நினைத்தது சிரிப்பு. அவள் சிரிக்கிறாள். என் அண்ணன் நெஞ்சில் லாரி நிற்கிறது, அவன் வாயிலிருந்து ஒரு குட்டி சிரிக்கிறாள்.

கண்ணைத் திறந்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் கிருபாகரன் நின்றுகொண்டிருந்தான். பல்லைக் காட்டிக்கொண்டு. அவனுக்குப் பல் எப்போதும் அப்படித்தான், எடுப்புப் பல். ஆனால் அந்த நேரத்தில் நான் பல்லை மட்டும்தான் பார்த்தேன்.

எழுந்தது ஞாபகம் இல்லை. முதல் அடி தோளில். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது, சூடாக என் காலில் என்னவோ கொட்டியது, நான் கவனிக்கவில்லை. இரண்டாவது அடி தாடையில், காப்போடு சேர்ந்து. பெரிய சத்தம் வரவில்லை. அடுப்பில் இருக்கிற மண்சட்டி உள்ளுக்குள் விரிசல் விடுமே, அவ்வளவுதான். அவன் கையைத் தூக்கக்கூட இல்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி ஸ்பீக்கர் பெட்டி விளிம்பில் மோதினேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, மூன்று என்கிறார்கள். மெல்வினின் பளபளத்த தரையில் இரண்டு பல் கிடந்தது. ரத்தம் நாற்காலிக்கு அடியில் ஓடியது. அவன் வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தான், வாய் சொன்னபடி கேட்கவில்லை. நான் அந்த வாயில் மறுபடி அடித்தேன்.

இவ்வளவுக்கும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அதைக் கவனித்தீர்களா? அந்தப் பெண் பாடி முடித்து, கை தட்டி, சிரித்து, முடிக்கிற வரை யாரும் முள்ளைத் தூக்கவில்லை. ரூல் ரூல்தான்.

மெல்வினின் பெண்டாட்டி நோரீன் துடைப்பத்தால் என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாள். "அவுட்! கெட் அவுட்! நீ மனுஷனா மேன்? மாடு! மாடு!" அவள் அடித்தது எனக்கு உறைக்கவே இல்லை. தெருவில் நின்று கத்தினேன். "சாவுக்குப் பாடுறவன், என் அண்ணன் சாவை வச்சுக் கேலி பண்றான்! இவனை எவனாவது இனிமே சாவு வீட்டுல சேத்தீங்க, அவனையும் வெட்டுவேன்!" பெரம்பூர் தெரு முழுக்கக் கேட்டது. ஆட்டோக்காரர்கள், பூக்காரம்மா, எல்லாரும் கேட்டார்கள். அங்கிருந்து வியாசர்பாடி எவ்வளவு நேரம்? பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படியில் இறங்கி ஓடினீர்களாம். நான் பார்க்கவில்லை. பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "படியில் விழுந்தேன்" என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான் அவன். போலீஸ் வரவில்லை. நான் கடையில் தயாராக உட்கார்ந்திருந்தேன், வக்கீலிடம்கூடப் பேசி வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் சார் பொறுக்கவில்லை. ஒருத்தன் எதையும் கேட்காமல் விட்டுவிட்டால் நான் எதை வைத்துக்கொண்டு அவனிடம் பேசுவது? பத்தாம் நாள் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவன் பெண்டாட்டி பவுனு வாசலிலேயே நிறுத்தினாள்.

"வாங்கண்ணே. மிச்சப் பல்லையும் எண்ணிட்டுப் போக வந்தீங்களா? ஆப்பிளா? கடிச்சுக் காமிக்கச் சொல்றேன் இருங்க."

"ஏம்மா, அவன் பண்ணதும் தப்புதானே" என்றேன்.

கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை என் முகத்தில் ஊற்றினாள். ஆறின கஞ்சிதான். "இது ஒண்ணுதான்யா அவரு வாய்க்குள்ள போகுது, இதையும் உம்மேல வேஸ்ட் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அவளிடமிருந்துதான் தெரிந்தது, ஒரு சாவு வீட்டிலிருந்தும் அவனைக் கூப்பிடவில்லை. கம்பி எடுத்தாலும் கூப்பிட மாட்டார்களாம். "செத்தவனைக் கிண்டல் பண்ணவன் எங்க வீட்டுப் பொணத்துக்குப் பாட வேணாம்" என்று தெரு முனையிலேயே ஒருத்தர் சொல்லிவிட்டாராம். யார் இப்படியெல்லாம் கிளப்பிவிட்டார்களோ.

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

அதற்கு அடுத்த வாரம் நோரீன் என் கடைக்கு வந்தாள். ஏதோ பழைய இட்லி குக்கருக்குக் கைப்பிடி தேடி வந்த மாதிரி வந்தாள். கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏ மாசி. அந்தப் பையன் ரெண்டு கையிலயும் டீ கப்பு வச்சிருந்தான் மேன். நான்தான் குடுத்தேன். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு உனக்கு. ரெண்டு கையிலயும் கப்பு வச்சிட்டு எப்படி மேன் சுவிட்ச் தள்ளுவான்? மூக்காலயா?"

என் காலில் சூடாகக் கொட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப யாரு?"

"கண்ணாடி போட்டவன். கொளத்தூர்க்காரன். கிச்சன் கதவுலேர்ந்து பார்த்தேன். ஒரு விரல்ல தள்ளினான்."

அதோடு போயிருக்கலாம் அவள். போகவில்லை. இன்னொன்றும் சொன்னாள். முதல் வருஷம் நான் கிளாசை எறிந்துவிட்டுப் போன பிறகு, "பாவம், அந்த ஆள் ராங் ஸ்பீடுல போடறான், சொல்லிடலாம்" என்று மெல்வின் சொன்னாராம். எல்லாரும் சரி என்றார்களாம். கிருபாகரன்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றானாம். "எவனாவது சொன்னீங்க, இனிமே நான் இந்தப் படி ஏற மாட்டேன். அவரு பாட்டையா கேக்குறாரு? அவரு அண்ணனைக் கேக்குறாரு." ஒன்பது வருஷம். புதிதாக யார் வந்தாலும் கீழே மாடிப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லித்தான் மேலே அனுப்புவானாம். கீறல் ரெக்கார்டுக்காக என்னோடு அத்தனை சண்டை போட்டவன், இதை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்னை அந்த இடத்திலேயே சாய்த்திருக்கலாம். சொல்லவில்லை.

உங்களையும் படியில் நிறுத்திச் சொன்னானாம். சொன்னானா இல்லையா? வாயைத் திறங்கள். தலையை ஆட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னான். அப்புறம் ஏண்டா தள்ளினே? ஏன் தள்ளினே? எட்டு பேர் ஒன்பது வருஷமாக மூச்சைப் பிடித்துக் காப்பாற்றியதை ஒரு விரலால் தள்ள உனக்கு என்ன...

மன்னிக்கணும். சட்டையை விட்டுவிட்டேன். பட்டன் தெறித்துவிட்டது, சோபாவுக்கு அடியில்தான் போயிருக்கும், தேடித் தருகிறேன். தண்ணீர் குடியுங்கள். நான் கை நீட்டுகிற ஆள் இல்லை என்று சொன்னேனே.

என்ன? கொஞ்சம் சத்தமாக. 'தப்பான வேகத்துல ஓடுறதைத் தாங்க முடியலை.' அவ்வளவுதானா? 'அந்தப் பொண்ணு நல்லா பாடியிருக்கா, அவளை யாரும் கேக்கவே இல்லை.' சரி. நியாயம்தான். நான் வீட்டுக்குப் போய் நாற்பத்தைந்தில் போட்டுக் கேட்டேன் சார். நல்ல பாட்டுதான். கிட்டார் துள்ளுகிறது. என் பேத்தி எழுந்து ஆடினாள். பிறகு முப்பத்துமூன்றில் போட்டேன். அதே தகரம், அதே இழுவை. ஆனால் அந்த ஆம்பிளைக்குள்ளே இந்தப் பெண் இருப்பது தெரிகிறது இப்போது. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அவள்தான். தயாளனைக் காணோம். கிரேன் இரண்டாவது தடவை தூக்கிவிட்டது. அது உங்கள் விரல். அதற்கு நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அதை விட்டுத்தள்ளுங்கள்.

கிருபாகரனுக்கு வருவோம். வியாழக்கிழமை கம்பி எடுத்துவிட்டார்கள். வாய் அரை அங்குலம் திறக்கிறதாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவன் வீட்டில்தான் கூடுகிறார்கள். மெல்வின் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறார். நான் கீழே தெருவில், மாவு மில் ஓரமாக நின்று கேட்கிறேன். மேலே போக முடியாது. போன வாரம் நோரீன் கையில் ஒரு சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தான். அவன் எழுத்து. 'தொட்டவனை அழைத்து வா. தெருவுக்கு முன்னால் சொல்லட்டும். அதுவரை நீ படி ஏறாதே.' முதல் தடவையாக அவன் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறான். புரிகிறதா? நாலு எலும்பு சேர்ந்துவிடும் சார். சாவைக் கேலி பண்ணினவன் என்கிற பெயர் சேராது. பாட்டை எடுத்துவிட்டால் அவனிடம் தகரம்தான் மிச்சம்.

அதனால் பேசி முடிப்போம். பழி முழுசும் உங்களுடையது என்றுதான் கதவில் சொன்னேன். அது நான் சொன்ன முதல் விலை. நீங்கள் பேசவில்லை. சரி, முக்கால் எடுத்துக்கொள்ளுங்கள். கால் நான் எடுத்துக்கொள்கிறேன், கை என்னுடையதுதானே. இல்லையா? பாதி பாதி. இதைவிட நியாயமாக யாரும் பேச மாட்டார்கள். அப்படி ஜன்னலைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்! மூன்றாவது மாடி, குதிக்கவா போகிறீர்கள்? சரி. கால். உங்களுக்குக் கால், எனக்கு முக்கால். என் வாழ்க்கையில் இவ்வளவு கீழே நான் இறங்கியதில்லை. எதிராளி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நானே இறங்கியதில்லை.

சரி, காலும் வேண்டாம். அவனை அடித்தது நான். கப்பு வைத்திருந்த கையைப் பார்க்காமல் பல்லை மட்டும் பார்த்தது நான். தெருவில் நின்று கத்தியது நான். ஆமாம், நான்தான் கிளப்பிவிட்டேன், போதுமா? அதையெல்லாம் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். பங்கு கேட்கவில்லை. அந்த ஒரு விரல் மட்டும் உங்களுடையது. அதை நான் தூக்க முடியாது. நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அடித்தவன் இப்போது வேறு ஆளைக் கைகாட்டுகிறான் என்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில், அந்த ஜனங்கள் நடுவில், மாவு மில் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, 'தள்ளினது நான், கிருபாகரன் இல்லை' என்று ஒரே ஒரு தடவை. உங்களுக்குப் பின்னால் நான் நிற்பேன். நீங்கள் சொன்ன பிறகு நான் சொல்வேன். முதலில் நீங்கள்.

இன்றைக்கு ஞாயிறு, மணி மூன்றேகால். கீழே என் வண்டி நிற்கிறது, கொளத்தூரிலிருந்து வியாசர்பாடிக்கு அரை மணி நேரம். எழுந்திருங்கள் சார். எழுந்திருங்கள். ஆறு வாரம் ஓடியது போதும். வந்து அவன் பெயரை அவனிடம் திருப்பிக் கொடு. எழுந்திருடா.